மூணாவது குரல்

வரிச்சிக்குடியில் அமுதம் வீட்டு வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்குப் பதில் வராது. இரண்டாவது குரலுக்கும் வராது. உள்ளே ஆள் இருப்பது தெரியும், குக்கர் விசில் அடிக்கும், டிவியில் செய்தி ஓடும், ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் "ஏன்?" என்று ஒரு சத்தம் எழும்பும். கூப்பிட்டால் 'என்ன' என்பதற்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள். சிலிண்டர் போடுகிறவர் ஆரம்பத்தில் கேட்டை ஆட்டிச் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு பழகிக்கொண்டு "அம்மா அம்மா அம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்தார். அமுதம் அதையும் ஒரு குரலாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உச்சி வேளையில் ஆள் இல்லாத இடத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற சில உண்டு. அவற்றுக்கு இரண்டு குரலுக்குத்தான் மூச்சு. மூணாவது கூப்பிட முடியாது. மூணாவது வந்தால் அது மனுஷக் குரல், பயப்படாமல் பதில் சொல்லலாம். அமுதத்தின் நாத்தனார் சொர்ணாம்பாள் குரும்பகரத்தில் ஒரு மத்தியானம் முதல் குரலுக்கே "இந்தா வரேன்" என்று வயல் பக்கம் இறங்கிப் போனவள், மூணு நாள் பேச்சில்லாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் இதை யாரும் விளையாட்டாக நினைக்கவில்லை. மின்துறையில் வேலை பார்க்கும் அமுதத்தின் கணவர் நீலகண்டன், தன் சொந்த வீட்டுக்கு வரும்போதுகூடத் தெருவில் நின்று மூணு தடவை குரல் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே தள்ளுவார்.

அவர்களுடைய ஒரே மகள் விஷ்ணுப்ரியாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மூணு வருஷம் மருத்துவம் படித்தவள், பிணத்தை அறுத்துப் பார்த்தவள். ஆனால் நம்பிக்கை வேறு, பழக்கம் வேறு. யாராவது கூப்பிட்டால் மூணாவது குரல் வரும்வரை அவள் நாக்கு தானாக ஒட்டிக்கொள்ளும். ஐந்து வயதில் அம்மா கற்றுக்கொடுத்தது, அதை எந்தக் கல்லூரியாலும் அழிக்க முடியவில்லை.

போர் வந்து, படிப்பு பாதியில் நின்று, ஊர் திரும்பி நாலு வருஷம் ஆகிறது. மார்க் ஷீட் ஃபைலை அங்கேயே விட்டுவிட்டு வந்ததால்தான் மகளுக்கு வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை என்று அமுதம் இன்றைக்கும் புலம்புவாள். அது பொய். விஷ்ணுப்ரியா எங்கேயும் முயற்சியே செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

இப்போது வீட்டில் இருந்தபடி ஒரு வேலை. இணையத்தில் வருகிற ஓர் ஆங்கில-தமிழ் அகராதிக்கு, சொற்களின் பொருளை எளிய தமிழில் எழுத வேண்டும். கூடவே ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த மொழிக்காரர்கள் உச்சரித்து அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு பேச்சாளர் ஒரு சொல்லை இடைவெளி விட்டு மூணு தடவை சொல்ல வேண்டும் என்பது விதி. குரல் விழும் இடத்தில் திரையில் பச்சைக் கோடு மேடாக எழும்பும். மூணு மேடு இருந்தால் 'முழுமை', இல்லாவிட்டால் 'முழுமை இல்லை'. மாடி அறையில் லேப்டாப்பும் ஹெட்ஃபோனுமாக நாளெல்லாம் உட்கார்ந்து அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரி மாதம் புதுத் தொகுப்பு ஒன்று வந்தது. தலைப்பு இதுதான். 'உக்ரைனிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள், அறுபது.' வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வருஷமாகக் காதில் விழாத அந்த மொழியை ஒரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது.

முதல் சொல் போர்ஷ்ச். 'பீட்ரூட் போட்டு வைக்கும் புளிப்பான சூப்' என்று எழுதினாள். அதை எட்டிப் பார்த்த அமுதம், "பீட்ரூட்ல ரசமா? அதத் தின்னுட்டா மூணு வருசம் கெடந்த?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்தது பாண்டூரா, மடியில் வைத்து மீட்டும் பல தந்திக் கருவி. அதற்கடுத்தது ட்ரெம்பிட்டா. 'இடி விழுந்த மரத்தில் செய்யும் மிக நீளமான ஊதுகொம்பு. மலை ஊர்களில் சாவு சொல்லவும் ஊதுவார்கள்' என்று எழுதிவிட்டு, அதுவரை தொடாத பேச்சாளர் பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதினாறு பேர் சொல்லி முடித்தார்கள். பதினேழாவது பதிவைத் திறந்தாள்.

"ட்ரெம்பிட்டா," என்றது ஒரு பெண் குரல். சற்று நேரம் விட்டு, "ட்ரெம்பிட்டா." அவ்வளவுதான். மூணாவது இல்லை. மூணாவது வர வேண்டிய இடத்தில் பச்சைக் கோடு தட்டையாகப் போனது. அங்கே வேறொரு சத்தம் மட்டும் இருந்தது. எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விஷ்ணுப்ரியா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அந்தச் சொட்டுச் சத்தமும் தெரியும்.

ஹலீனா. கார்கிவில் நாலாவது மாடி வீட்டில் அவளோடு ஒன்றாகக் குடியிருந்தவள். கீழே மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். விஷ்ணுப்ரியா என்ற பேர் வாயில் நுழையாமல் 'விஷ்னியா' என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அது செர்ரிப் பழத்தின் பேர். விஷ்ணுப்ரியா அங்கே வந்த புதிதில் ஒரு நாள் ஹலீனா குளியலறைக் கதவைத் தட்டி இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லாததால், உள்ளே மயங்கிக் கிடக்கிறாளோ என்று பயந்து கதவை உடைக்கப் போய்விட்டாள். பிறகு காரணம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் தவறியதில்லை. "விஷ்னியா. விஷ்னியா. விஷ்னியா." சரியாக மூணு. "இது உன் அம்மாவின் சட்டம்," என்பாள்.

போர் தொடங்கி ஆறாவது நாள். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் எல்லோரும் கிடந்தார்கள். மூலையில் ஒரு குழாய் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் நாகப்பட்டினத்துக்காரரான சீனியர் ஜெயபிரகாஷ் ஓடி வந்து, ரயில் நிலையத்துக்கு வேன் வந்திருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் கிளம்ப வேண்டும் என்றார். அப்போதுதான் மார்க் ஷீட் ஃபைல் மேலே அலமாரியில் இருப்பது விஷ்ணுப்ரியாவுக்கு நினைவு வந்தது. "நீ இரு, இருட்டில் எனக்குத்தான் படி தெரியும்," என்று ஹலீனா ஓடினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மேலே குண்டு விழுந்தது. விளக்கு அணைந்தது, தூசி மூச்சை அடைத்தது. ஆள்கள் அலறி ஓய்ந்த பிறகு, படிக்கட்டின் இருட்டுக்குள்ளிருந்து "விஷ்னியா" என்று கேட்டது. சற்று நேரம் விட்டு இன்னொரு தடவை, "விஷ்னியா."

விஷ்ணுப்ரியாவின் வாய் திறந்தது. நாக்கு எழவில்லை. மூணாவது குரலுக்காக அவள் காத்திருந்தாள். குழாய் சொட்டியது. மூணாவது வரவில்லை. ஜெயபிரகாஷ் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவர் காதில் எதுவும் விழவில்லையாம். வேன் கிளம்பியது. அந்தக் கட்டடத்தின் மேல் பாதி இல்லாத படத்தைப் போலந்து எல்லையில் யாரோ போனில் காட்டினார்கள்.

நாலு வருஷமாக அவள் தனக்குத் தானே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது ஹலீனா இல்லை. ஹலீனாவாக இருந்தால் மூணு தடவை கூப்பிட்டிருப்பாள். அவளுக்குச் சட்டம் தெரியும். இரண்டோடு நின்றதென்றால் அது வேறு. அப்படியானால் ஹலீனா குண்டு விழுந்த உடனேயே போய்விட்டாள், தான் யாரையும் உயிரோடு விட்டுவிட்டு வரவில்லை. பேயை நம்பாத பெண், அந்த ஒரு பேயை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அதை விட்டால் அவளால் உயிரோடு இருக்க முடியாது.

மறுநாள் அகராதி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். தொகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கலைவாணன் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம்."

"அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பீக்கர் யாருன்னு பாத்துச் சொல்ல முடியுமா சார்? எல்லாச் சொல்லும் ரெண்டு தடவதான் இருக்குது."

கலைவாணன் எதையோ தட்டிப் பார்த்தான். "இந்தத் தொகுப்புக்குப் பதினாறு பேருதானே மேடம். உங்க ஐடியிலயும் பதினாறுதான் காட்டுது."

அவள் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். "இதுலயும் பதினாறுதான் மேடம் இருக்கு," என்றான் அவன். விஷ்ணுப்ரியா தான் அனுப்பிய படத்தையே திறந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பதினேழும் தெரிந்தது. சரிங்க சார் என்று வைத்துவிட்டாள்.

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொரு நாளும் பத்துப் பத்துச் சொல்லாக முன்னேறினாள். பிசாங்கா, மெழுகும் சாயமும் வைத்துக் கோலம் போட்ட முட்டை. ஹோபாக், குதித்துக் குதித்து ஆடும் ஆட்டம். சுமாக், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற வியாபாரி. வானத்தில் தெரியும் பால்வெளிக்கும் அவன் வழி என்றே அங்கே பேர். ஹலீனா ஜன்னலில் காட்டிச் சொன்னது அது. ஹோலோடோமோர் என்ற சொல் வந்தபோது வெகு நேரம் எழுத முடியவில்லை. 'விளைந்த தானியத்தைப் பறித்து, உழுதவர்களைப் பட்டினி போட்டுக் கொன்றது' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். வெளியே அறுவடை முடிந்து நெல்மூட்டைகள் ரோட்டோரம் அடுக்கிக் கிடந்தன. அதே சொல்லைப் பதினேழாம் குரல் இரண்டு தடவை சொல்லி நிறுத்தியது.

ஒவ்வொன்றிலும் இரண்டு மேடு, ஒரு தட்டை, சொட்டும் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் அவள் 'முழுமை இல்லை' போட்டாள். போடும்போது, சொல்ல வெட்கமான ஒரு நிம்மதி வந்தது. இரண்டுதான். இன்றைக்கும் இரண்டுதான். அப்படியானால் அன்றைக்கும் அது வேறுதான்.

ஐம்பத்தெட்டாவது சொல் முடிந்த அன்று, சாப்பிடும்போது அமுதத்திடம் கேட்டாள். "ஏம்மா, அதுங்களால ஏன் மூணாவது கூப்புட முடியாது?"

"மூச்சு இருக்காதுடி."

"மனுசங்களுக்கும் மூச்சு இல்லாமப் போனா?"

அமுதம் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷமாக உள்ளே கிடந்தது அன்றைக்கு வெளியே வந்தது. ஃபைல், படிக்கட்டு, இரண்டு குரல், வேன், இப்போது பதினேழாம் நம்பர் எல்லாவற்றையும் விஷ்ணுப்ரியா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொல்லி முடித்தாள்.

தான் கற்றுக்கொடுத்த ஒன்று அவ்வளவு தூரம் போய் ஒரு பெண்ணின் குரலுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது என்று நினைக்கவே அமுதத்துக்குப் பயமாக இருந்தது. ஆனால் மகளிடம் வேறு மாதிரிதான் சொன்னாள். "அது அந்தப் பொண்ணு இல்லடி. அது இல்லவே இல்ல. ரெண்டுதான கூப்புட்டுச்சு? நாளைக்கி அம்பகரத்தூர் போயி காளியம்மாகிட்ட கயிறு வாங்கியாறேன். அதுவரைக்கும் அந்தக் காது மெசின மாட்டாத."

"மூணாவது வந்துச்சுன்னா?"

"வராது," என்றாள் அமுதம்.

மறுநாள் பத்து மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போனாள். நீலகண்டன் வேலைக்குப் போயிருந்தார். விஷ்ணுப்ரியா மாடிக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டினாள். மிச்சம் இருந்த இரண்டு சொல்லையும் முடித்தபோது சரியாக உச்சி வேளை. தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. பட்டியலின் அறுபதாவது வரியைத் தாண்டித் திரையை நகர்த்தினாள். கீழே அறுபத்தொன்று என்று ஒரு வரி இருந்தது. சொல் இருக்க வேண்டிய இடம் காலி. பதினாறு பேரும் அதில் இல்லை. பதினேழு மட்டும் இருந்தது.

அதை அழுத்தினாள்.

"விஷ்னியா."

குழாய் சொட்டியது.

"விஷ்னியா."

அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணைப் பச்சைக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. கோடு தட்டையாகப் போனது, முடிந்தது. வரவில்லை. 'முழுமை இல்லை' என்ற பொத்தானுக்குக் கை போனது. அழுத்தினால் தொகுப்பு முடிந்துவிடும். பதினேழு அவள் வாழ்க்கையிலிருந்து போய்விடும்.

கை அங்கேயே நின்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. தள்ளுவதற்கு முன்னால் ஒலியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மெல்லப் பேசுகிறவர்களின் குரல் சில சமயம் கோட்டில் தெரியாது. வேறு எல்லாத் தொகுப்பிலும் அவள் அதைச் செய்திருக்கிறாள். பதினேழுக்கு ஒரு தடவைகூடச் செய்யவில்லை. மறந்துபோனேன் என்று அவளால் சொல்ல முடியாது. பயந்துதான் செய்யவில்லை.

ஒலியைக் கூட்டினாள். சொட்டும் தண்ணீர் தவில் அடிப்பதுபோல் கேட்டது. இன்னும் கூட்டினாள். தூசி உதிர்வது கேட்டது. கடைசிவரை கூட்டினாள்.

இரண்டு சொட்டுக்கு நடுவே அது இருந்தது. குரல் என்று சொல்ல முடியாது. உதடு சேர்ந்து பிரிகிற சத்தமும் அதன் பின்னால் கொஞ்சம் காற்றும். "விஷ்னியா." முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளி விட்டு. எண்ணிக்கொண்டு, சட்டம் தெரிந்த ஒருத்தி, மிச்சம் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்ன மூணாவது.

விஷ்ணுப்ரியா ஐம்பத்தேழாவதைத் திறந்து கூட்டினாள். இருந்தது. முப்பதாவதில் இருந்தது. ட்ரெம்பிட்டாவில் இருந்தது. எல்லாவற்றிலும் மூணாவது இருந்தது. அவள்தான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று போட்டிருந்தாள்.

அன்றைக்கும் வந்திருக்கிறது. குழாய்க்கும், இரைந்துகொண்டிருந்த காதுக்கும், ஜெயபிரகாஷின் கத்தலுக்கும் அடியில் மூணாவது வந்திருக்கிறது. படிக்கட்டில் கிடந்தது மனுஷி. உயிரோடு கிடந்து, பதில் வரும் என்று காத்திருந்தாள்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாலு வருஷ அழுகை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். பிறகு நிமிர்ந்து, ஆள் இல்லாத வீட்டில், நடுப்பகலில், வாய்விட்டுக் கேட்டாள்.

"ஏன், ஹலீனா? இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன்."

பதிவு எப்போதோ முடிந்துவிட்டது. கோடு நகரவில்லை. ஆனாலும் ஹெட்ஃபோனில் அதுவரை சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அந்த நிமிஷத்தில் நின்றது. யாரோ வெகு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அவள் அறுபத்தொன்றுக்கும் வரிசையாக 'முழுமை' போட்டாள். போட்டு முடித்ததும் திரையில் பதினாறு பேர்தான் இருந்தார்கள்.

சாயங்காலம் அமுதம் வந்து கேட்டில் நின்று வழக்கம்போல முதல் குரல் கொடுத்தாள். "விஷ்ணு."

"ஏம்மா?" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

அமுதம் கையில் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். இருபது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து முதல் குரலுக்குப் பதில் வந்து அவள் கேட்டதில்லை. உள்ளே வந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். கயிற்றைச் சாமி படத்தில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதிலிருந்து விஷ்ணுப்ரியா யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதில் சொல்லிவிடுகிறாள். சிலிண்டர்காரருக்கு மூணு தடவை கத்துகிற வேலை மிச்சம். நீலகண்டன்கூட இப்போது ஒரே குரலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

சில மத்தியானங்களில், தெருவில் ஒருத்தரும் இல்லாதபோது, மாடியிலிருந்து மகள் "ஏன்?" என்று கேட்பது அமுதத்தின் காதில் விழும். யார் கூப்பிட்டார்கள் என்று அமுதம் கேட்பதில்லை. கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, மகளைக் கூப்பிட்ட அந்தக் குரலுக்காக அவளும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.